சுப்ராயனுக்கு நான் வெட்டுவித்த கல்

லா சப்பல், பாரிஸ்
நவம்பர் 24, திங்கள்

அன்பின் தம்பி அலெக்சிஸுக்கு,

பேதுரு அண்ணை எழுதுகிறேன். மாதாவின் தயவால் நான், மனுசி இம்மாகுலேற், மகள் பிரியதர்சினி மூவரும் நலமாக இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் சுகம் என்று அற்புதமலர் சொன்னாள். நீ சொல்லவில்லை. மூன்று கிழமையாக நான் எடுக்கும் நேரமெல்லாம் அவள்தான் தொலைபேசியைத் தூக்குகிறாள். "அவர் வெளியிலை போட்டார் அத்தான்" என்கிறாள். பின்னால் உன் இருமல் கேட்கிறது. உன் பெண்சாதியைப் பொய் சொல்ல வைத்தது நான் செய்த வேலைதான் என்பதால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதுதான் கடிதம். நான் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது, தொலைபேசி அட்டை வாங்க வழியில்லாத காலத்தில். பிறகு அந்த அட்டைகளை விற்றே கடை பிடித்தேன். எழுத்துப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கடை பரவாயில்லை. பச்சை மிளகாயும் முருங்கைக்காயும் விமானத்தில் வருவதால் விலை ஏறிவிட்டது, சனம் பேசிப் பேசி வாங்குகிறது. செவ்வந்தி மட்டும் இந்த மாதம் நன்றாகப் போனது. இங்குள்ள வெள்ளையருக்கு அது கல்லறைப் பூ. நவம்பர் பிறந்தால் தொட்டி தொட்டியாகக் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தப் பூவில் நாங்கள் கல்யாண மாலை கட்டுகிறோம் என்றால் கண்ணை விரிக்கிறார்கள். இம்மாகுலேற்றுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. நீ கதைக்காதது அதைவிடப் பெரிய வலி என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நீ பார்த்த வீடியோவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வியாபாரி சுற்றி வளைத்துத்தான் வருவான். இனி நேரே வருகிறேன்.

கோடை முடியும் நேரம், பியர்ஃபித் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் நகரசபையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மாம்பழம் வாங்க வந்தாள். தங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கல்லறை கேட்பாரற்றுக் கிடக்கிறது, உறவினர் யாரும் வராவிட்டால் சட்டப்படி எடுத்துவிடுவார்கள், பதிவேட்டில் உள்ள பெயர் இந்தியப் பெயர் போல இருக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். சுப்ராயன். காரைக்காலில் பிறந்தவன். பிரெஞ்சுக் கடற்காலாட்படையில் சிப்பாயாக இருந்து, 1870இல் பிரஷியாவோடு நடந்த சண்டையில் காயப்பட்டவன். பிறகு இங்கே லா சப்பலில் ரயில் முற்றத்தில் நிலக்கரி சுமந்து, இங்கேயே செத்தவன். என் கடைக்கு அடுத்த தெரு, தம்பி. நாங்கள்தான் இந்தத் தெருவுக்கு முதலில் வந்த தமிழர் என்று நான் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்!

அன்ரனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான் தலைவராக இருந்த தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அன்ரனை உனக்குத் தெரியும், பேசாலை ஊர்க்காரன். துருப்பிடித்த ஒரு இரும்புச் சிலுவை, பாசி பிடித்த ஒரு கல். கல்லில் ஒரு எழுத்தும் இல்லை. அன்ரன் தொப்பியைக் கழற்றினான். "அண்ணை, பேர்கூடப் போடாமல் புதைச்சு விட்டிருக்கிறாங்கள்" என்றான். ஊரில் சண்டையில் செத்த எங்கள் பிள்ளைகளின் கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, எந்தப் பிள்ளை எந்த இடம் என்று தாய்மார் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது எங்கள் இருவருக்கும் நெஞ்சுக்குள் வந்தது. பெயர் இல்லாத கல்லைக் கண்டால் எங்கள் சனத்துக்குப் பொறுக்காது. யாரோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். தானாக வேண்டாம் என்றிருப்பான் ஒருவன் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்தக் கண்ணீர் உண்மை. ஆனால் ரயிலில் திரும்பி வரும்போதே என் தலை வேறு கணக்குப் போட்டது, அதையும் ஒளிக்கவில்லை. பிரான்சுக்காக இரத்தம் சிந்திய தமிழன் என்றால் நகரசபையில் எங்களுக்கு மதிப்பு. துணை மேயரோடு நான் நிற்கும் படம் கடையில் தொங்கினால் நல்லது. இங்குள்ள கல்லறைக் கருங்கல்லில் பாதி இந்தியாவிலிருந்து வருகிறது, அந்த வியாபாரத்துக்குள் நுழைய எனக்கு ஒரு கண் இருந்தது. சென்னையிலிருந்து வரும் கொள்கலனில் அரிசியோடு அரிசியாக ஒரு கறுப்புக் கல் இறக்கினேன். பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் வெட்டி, பொன் நிறம் பூசி, மேலே பெரிதாக "வீரன்" என்று போடுவித்தேன். இறந்தோர் திருநாள் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அன்றைக்கே திறப்பு விழா.

விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக்காரக் கிழவி கடைக்குள் வந்தா. பெயர் மதலேன், கூசேன்வில்லில் இருக்கிறா. நகரசபைச் செய்தித்தாளில் அறிவிப்பைக் கண்டு வந்தாவாம். சுப்ராயன் தன் பூட்டன் என்றா. நான் வாழைப்பழப் பெட்டி உடைத்துக்கொண்டு நின்றேன். பிரியதர்சினிதான் மொழிபெயர்த்தாள். கல்லில் பெயர் வேண்டாம் என்று கேட்டுச் செத்தவர் அவராம். அவரின் பெண்சாதி வாக்குக் கொடுத்தாவாம். அதைத் தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லி இதுவரை காப்பாற்றி வருகிறார்களாம். தனக்கு முழங்கால் மாற்றிய பிறகு கல்லறைக்குப் போய்க் கல்லைத் துடைக்க முடியவில்லை, அதனால்தான் பாசி பிடித்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றா. என்னிடம் மன்னிப்புக் கேட்டா, தம்பி.

நான் ஏன் என்று கேட்கவில்லை. நாளை மறுநாள் விழா, அழைப்பிதழ் போய்விட்டது. "தமிழன்ரை பேரை அழிக்க விடமாட்டம் எண்டு சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். அவள் மொழிபெயர்க்கவில்லை. பிரெஞ்சில் என்னிடமே திரும்பி, "அப்பா, அந்தக் கல்லறை உங்கடை கடையில்லை" என்றாள். கிழவிக்கு அது விளங்கிவிட்டது. கல்லைத் திறந்த பிறகு பேசலாம் என்று நானே என் கடைப் பிரெஞ்சில் சொல்லி, ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தேன். பையை அவ மேசையிலேயே வைத்துவிட்டுப் போனா.

ஞாயிறு நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் வீடியோ எடுத்தவன் என் பக்கம் நின்று எடுத்தான். துணை மேயர் பேசி முடித்ததும் திரையை விலக்கினோம். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது மதலேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, கல்லில் அந்தப் பெயர் இருந்த இடத்தை மூடினா. மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றா. அவ்வளவுதான். நான் போய் அந்தச் சால்வையை உருவி எடுத்து அவவின் கையில் திணித்தேன். குளிருக்கு அவ தோளில் ஒன்றும் இல்லாமல் நின்றது எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. வீடியோவில் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டச் சொன்னது நான்.

வந்த கூச்சத்தை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினேன். அப்போதுதான் உன் படத்தைத் தூக்கினேன். சண்டையிலிருந்து திரும்பி நீ ஊன்றுகோலோடு மீன் வாடிக்குப் பக்கத்தில் நிற்கிற படம். "அண்டைக்குச் சுப்ராயன், இண்டைக்கு என்ரை தம்பி அலெக்சிஸ்! வீரம் எங்கடை இரத்தத்திலை ஓடுது!" எனக்கே மயிர் சிலிர்த்தது. சனம் எழும்பிக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நான் மதலேனைப் பார்க்கவில்லை. உன்னையும் நினைக்கவில்லை.

அன்றிரவு உன் செய்தி வந்தது. "அண்ணை, என்ரை பேரை எடுங்கோ." அதற்கு நான் என்ன பதில் போட்டேன்? "பயப்படாதையடா, உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்." உனக்கு அங்கே யாராவது தொல்லை கொடுப்பார்கள் என்று நீ பயப்படுகிறாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ கதைக்கவில்லை. நான் வேறு எதையோ விளங்கிக்கொண்டேன் என்பது மட்டும் மெல்ல மெல்ல உறைத்தது. பத்து வார்த்தைகூட இல்லாத உன் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிழவி கேட்டதும் அதையேதான் என்று ஒரு நாள் மிளகாய் நிறுத்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. நிறுத்தது நிறுத்தபடி கிடக்க மகளைக் கூட்டிக்கொண்டு கூசேன்வில்லுக்குப் போனேன்.

விமானங்கள் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போகிற ஊர். மதலேன் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தா, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோப்பி போட்டுத் தந்தா. ஏன் பெயர் வேண்டாம் என்றார் என்று, முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன். அவ சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

பிரஷியர்களிடம் சிறைப்பட்ட சுப்ராயன் அடுத்த வருடம் விடுதலையாகித் திரும்பியபோது சண்டை முடிந்திருந்தது. ஊருக்குப் போகலாம் என்று நினைத்தவனின் கையில் மறுபடியும் துவக்கைக் கொடுத்து, இந்த முறை பாரிசுக்கே அனுப்பினார்கள். பாரிஸ் சனம் எழும்பி, நகரத்தைத் தாங்களே ஆளத் தொடங்கியிருந்த காலம் அது. லா சப்பலில் ரயில் தொழிலாளர்கள் தெருக்கல்லைப் பெயர்த்துத் தடுப்புக் கட்டி நின்றார்கள். மே மாதத்தில் ஒரு கிழமை. படை உள்ளே வந்தது. பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்ட வரிசையில் சுப்ராயனும் நின்றான். காரைக்காலில் இருந்து வந்தவன், இந்தச் சனத்தோடு அவனுக்கு என்ன பகை? சொன்னார்கள், சுட்டான்.

பட்டாளத்தை விட்டபோது கப்பலேறிப் போயிருக்கலாம். போகவில்லை. சுட்ட இடத்துக்கே வந்து அறை பிடித்து, ரயில் முற்றத்தில் மூட்டை தூக்கினான். மாரியில் விதவைகளின் படியில் சொல்லாமல் கொள்ளாமல் நிலக்கரி வைத்துவிட்டுப் போவானாம். அப்படி வைத்த படிகளில் ஒன்று ஓர்த்தான்ஸ் என்ற சலவைக்காரியுடையது. அவளின் புருஷன் ரயில் பட்டறைக்காரன், அந்த மே மாதம் சுடப்பட்டவன். அவன் உடல் இன்னும் பலரோடு ஒரே குழியில், பெயர் இல்லாமல். சில வருடம் போக அவளும் சுப்ராயனும் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அக்கம்பக்கத்தார் அவனைப் பிரஷியாவோடு அடிபட்ட வீரன் என்று கொண்டாடுவார்களாம். பழைய சிப்பாய்களின் ஊர்வலத்துக்கு வருடாவருடம் கூப்பிடுவார்களாம். அந்த நாள் வந்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடுமாம். பதக்கத்தைக் கால்வாயில் எறிந்துவிட்டு, தொலைந்துபோனது என்று சொன்னானாம்.

நிலக்கரித் தூசு நெஞ்சைத் தின்று, எழும்ப முடியாமல் படுத்த மாரியில்தான் பெண்சாதிக்குச் சொன்னான். "நான் அந்த வரிசையிலை நிண்டனான். முகத்தைப் பாக்கேல்லை. உன்ரை மனுசனாயும் இருக்கலாம்." ஓர்த்தான்ஸ் சலவைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவள், இருட்டிய பிறகுதான் வந்தாளாம். வந்து, அவனை எழுப்பி இருத்தி, வியர்த்து நனைந்த சட்டையை மாற்றினாளாம். சுடப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை பெயரும் இல்லை, தனக்கும் வேண்டாம் என்று அவன் கேட்டது அப்போதுதான். ஓம் என்றாள். அவன் செத்த பிறகு, உடுப்புத் தோய்த்துச் சேர்த்த காசில் அந்த நிலத்தை நிரந்தரமாக வாங்கி, வெறும் கல்லை வைத்தாள்.

"மன்னிச்சாவோ எண்டு கேள்" என்று மகளிடம் கேட்டேன். மதலேன் இல்லை என்று தலையாட்டி ஏதோ சொன்னா. பிரியதர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "இல்லையாம் அப்பா. மன்னிக்கேல்லையாம். ஆனா கடைசிவரைக்கும் உடுப்பைத் தோய்ச்சுப் போட்டாவாம்."

சால்வைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அது பழைய சால்வை" என்றா மதலேன். எனக்கு இருந்த இருப்பில், அவ ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வெட்டிய எழுத்தைக் கருங்கல்லில் அழிக்க முடியாது, தம்பி. தேய்த்தால் வடுத் தெரியும். பழைய கல்லோ எடுக்கும்போது பிளந்துவிட்டது, அதுவும் என் வேலை. மதலேன் நகரசபைக்குக் கையெழுத்து வைத்துத் தந்தா. முந்தநாள் சனிக்கிழமை இரண்டு வேலையாட்களோடு போய்க் கல்லைப் புரட்டிப் போட்டேன். வீரன், பெயர், பொன் எழுத்து எல்லாம் மண்ணைப் பார்த்தபடி கீழே. மேலே ஒன்றுமில்லை.

அன்ரன் கேள்விப்பட்டு ஓடிவந்தான். "அண்ணை, ஊரிலை கல்லறையளைக் கிளறினவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று வேலையாட்களுக்கு முன்னால் கேட்டான். சுப்ராயன் செய்ததை நான் அவனுக்குச் சொல்லவில்லை. செத்தவன் தன் பெண்சாதிக்குச் சொன்னதைச் சங்கத்தில் விளம்புவதற்கு நான் யார்? கிழவி பேச்சைக் கேட்டுப் புத்தி பேதலித்துவிட்டது என்று இப்போது தெருவெல்லாம் கதை. சங்கத் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். சிலர் எதிர்க்கடையில் மரக்கறி வாங்குகிறார்கள். வாங்கட்டும். இம்மாகுலேற்றுக்கும் பிரியதர்சினிக்கும் மட்டும் உண்மை தெரியும், இனி உனக்கு.

உன் படம் வரும் அந்த வீடியோவை நான் போட்ட இடங்களில் அழித்துவிட்டேன். மற்றவர்கள் கைபேசியில் இருப்பதை என்னால் அழிக்க முடியாது. கெஞ்சிப் பார்த்தேன், சிலர் எடுத்தார்கள், சிலர் சிரித்தார்கள். அது என் தலையில் கிடக்கும்.

இந்தக் கதையை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதினேன் என்று நீ கோபிப்பாய். உன்னை அவனோடு சேர்த்து அளக்கிறேன் என்று நினைக்காதே. நீ எங்கே நின்றாய், என்ன செய்தாய், உனக்கு என்ன நடந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே உன்னை வீரன் என்று விற்றேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நீ தொலைபேசி எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "அண்ணை, சண்டையின்ரை அந்தக் கடைசி மாதம், கடற்கரையிலை சனம் போகேக்கை..." என்று தொடங்கினாய். "விடடா அதெல்லாம், நீ வீரனடா" என்று சொல்லிவிட்டு, புதிதாக எடுத்த இரண்டாவது கடையைப் பற்றிக் கதைத்தேன். நீயும் "நல்லது அண்ணை" என்றாய். அந்த "நல்லது அண்ணை" இப்போது ஒவ்வொரு நாளும் என் காதில் கேட்கிறது.

அற்புதமலரைக் கேட்டதாகச் சொல். அவளோடாவது நீ அதைக் கதைக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. குளிருக்குள் கடலுக்கு இறங்காதே, அந்த இருமலைக் காட்டி மருந்து எடு. மடு மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் தன் சேலைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் தனியே இருக்கிறேன். எனக்குத் தொலைபேசி எடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். கதைக்க விருப்பமில்லை என்றால் சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன். கதைக்க வந்தால், நீ நிறுத்தும் வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டேன்.

உன் அண்ணை,
பேதுரு